மஞ்சள் குளிசை தந்த ஐந்து நாள்

ஜூன் 9, திங்கள்

கச்சான் காற்று, காலையிலிருந்தே பலம். வானத்தில் ஒரு முகில் இல்லை. பின்வளவுப் புல் பூத்துக் காய்ந்து நிற்கிறது. வெட்ட ஆள் பிடிக்க வேண்டும் (மூன்றாவது வாரமாக எழுதுகிறேன்).

மனைவி புவனத்துக்கு இந்தக் காற்றோடு வருடா வருடம் வரும் தும்மல். கண் கடி, மூக்கு ஒழுகல்.

வெள்ளி: தும். 31
சனி: 19
ஞாயிறு: 11
இன்று மதியம் வரை: 4

மஞ்சள் குளிசை வேலை செய்கிறது. வெள்ளி மாலை வாங்கியது. வழக்கமான வெள்ளைக் குளிசை முடிந்துவிட்டதாம். பாமசியில் நின்றவர், "இது பழைய வகை மருந்து, நித்திரை வரும்" என்று தந்தார். எத்தனை கொடுப்பது என்று கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. வீட்டில் பெட்டிக்குள் இருந்த தாளைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தேன். வளர்ந்தோருக்கு, நாளுக்கு மூன்று. புவனம் வளர்ந்தவள்தானே. காலை 6, பகல் 2, இரவு 10. ஒரு வேளையும் பிந்தவில்லை.

3.15க்குத் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. புவனம் எழும்பிப் போய் அடுப்பில் பெரிய பானை நிறையத் தண்ணீர் வைத்தாள்.

"ஆருக்கு?"

"தம்பிக்கு. சீமெந்துக் கப்பல் வந்திட்டுதெல்லே. தலையெல்லாம் தூசியோட வருவான்."

ரமணன் எங்கள் ஒரே மகன். அவனைத்தான் தம்பி என்பாள். துறைமுகத்தில் சீமெந்து இறக்கும் பகுதியில் வேலை. கந்தளாய் வீதியில் லொறி மோதி அவன் செத்துப் பதினாறு மாதம்.

தண்ணீர் கொதித்தது. பிறகு ஆறியது.

ஜூன் 10, செவ்வாய்

காற்று அதே. தும். 2 மட்டும். நேற்றையது வெறும் மறதி என்று நினைத்திருந்தேன்.

சல்லிக் கிராமத்திலிருந்து மீன்காரர் சைக்கிளில் வந்தார். புவனம் முந்திக்கொண்டு படலைக்குப் போனாள்.

"விளைமீன் ஒரு கிலோ போடும்."

"ரெண்டு பேருக்கு ஒரு கிலோவோ அம்மா? ஐயா பூனை ஏதும் வளக்கிறாரோ?"

"பூனையோ! எங்கட தம்பி ஒருத்தனே அரைக் கிலோ தின்பான். அவனுக்கு மீன் சொதியெண்டா உயிர்."

மீன்காரர் தராசைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். ரமணனின் செத்தவீட்டுக்கு வந்தவர். நான் மீனைப் பார்த்தேன். அவர் நிறுக்காமல் அள்ளிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் அலுமாரியிலிருந்து ரமணனின் நீலச் சட்டையை எடுத்து அயன்பெட்டியால் மினுக்கினாள். "கொலர் எவ்வளவு ஊத்தை பாருங்கோ, உங்கட மோன் உங்களை மாதிரி இல்லை" என்று சிரித்தாள். பதினாறு மாதத்தில் முதல் சிரிப்பு.

"எப்ப வாறானாம்?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பிந்துவான்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னபோது வாய் கூசவில்லை. சொதி நல்லாயிருந்தது. அவனுக்கென்று வைத்த மூன்றாவது சாப்பாட்டுக் கோப்பையும் மேசையில்.

ஜூன் 11, புதன்

காலை 6 குளிசை. 7க்கு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். "ஒண்டுக்குப் போக ஏலாமல் கிடக்கு. நாக்கு ஒட்டுது."

வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருடம் காற்று, மழை, வெப்பம் எழுதியவன். கொப்பியை எடுத்து ஒரு பக்கம் குளிசை நேரம், மறுபக்கம் ரமணனைப் பற்றிய கதை தொடங்கும் நேரம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியால அளவில் இடைவெளி. சனிக்கிழமை நித்திரைக் கலக்கத்தில் "தம்பி வந்திட்டானோ" என்று கேட்டபோதே தெரிந்திருக்க வேண்டும்.

பாமசி. இன்று வேறு ஆள், கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளை. முக்காட்டுக்குள் பேனை செருகியிருந்தாள்.

"எத்தின வயசு சேர் அவங்களுக்கு?"

"எழுபத்தொண்டு."

"அல்லாவே. எழுபத்தொரு வயசுக்கு இதை நாளுக்கு மூணா? ஆரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"தாளில எழுதியிருந்தது."

"தாளுக்கு உங்கட மனிசியைத் தெரியுமா சேர்? வயசான ஆக்களுக்கு இது தலையைக் குழப்பும். சிறுநீர் கட்டும். தடுக்கி விழுவாங்க. இப்பவே நிப்பாட்டுங்க. வெள்ளைக் குளிசை வந்திரிக்கி, நாளுக்கு ஒண்டுதான், நாளைக்கு விடிய தொடங்குங்க. பின்னேரத்துக்குள்ள ஒண்டுக்குப் போகாட்டி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்க. ரெண்டு மூணு நாளில தெளிஞ்சிருவாங்க, பயப்படாதீங்க."

தெளிந்துவிடுவாள் என்பதற்குத்தான் பயந்தேன் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது.

பகல் 2. மேசையில் இரண்டு குளிசை மட்டை, மஞ்சளும் வெள்ளையும். புவனம் குசினியில் சட்டையைப் பற்றிப் பாடுகிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மஞ்சளைக் கொடுத்தேன்.

அறிந்து கொடுத்தது. முன்னைய பதினான்கும் அறியாமை. இந்த ஒன்று நான்.

3.20. கிணற்றடியிலிருந்து தண்ணீர்ப் பானையோடு திரும்பும்போது குசினிப் படியில் கால் தவறியது. கதவு நிலையைப் பிடித்துவிட்டாள். பானை விழுந்தது. நல்ல காலம், தண்ணீர் இன்னும் சூடேறவில்லை. கீழே குந்தியிருந்துகொண்டு, "தம்பிக்குச் சொல்லாதேங்கோ, ஏசுவான்" என்றாள்.

மிச்ச மஞ்சள் குளிசைகளை மலகூடத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். 5 மணிக்கு ஒண்டுக்குப் போனாள். இரண்டு தரம்.

ஜூன் 12, வியாழன்

வெள்ளைக் குளிசை, காலை 6. தும். 8. கண் சிவப்பு.

முழுநாளும் தூக்கம். ஒரு தரம், "தம்பி" என்றாள். பிறகு ஒன்றுமில்லை. சாப்பாடு: அரைக் கோப்பை கஞ்சி.

புல் வெட்ட ஆள் வந்தார். வெட்டும்போது யன்னல்கள் எல்லாவற்றையும் சாத்தினேன்.

ஜூன் 13, வெள்ளி

தும். 6. காற்றுச் சற்றுத் தணிவு.

3 மணி கடந்து கப்பல் ஊதியது. எழும்பினாள். குசினி வாசல் வரை போனாள். நின்றாள். அடுப்பைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். நான் பேப்பர் வாசிப்பது போல இருந்தேன். தாள் தலைகீழ் இல்லை. ஆனால் ஒரு வரியும் ஏறவில்லை.

ஜூன் 14, சனி

காலை, மெல்லிய முகில். தும். 3.

தெளிந்துவிட்டாள். தேநீர் போட்டுத் தந்தாள், இரண்டு கோப்பை. அலுமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இஞ்சேருங்கோ. இந்தச் சட்டையை ஆர் மினுக்கினது?"

"நீர்தான்."

"எப்ப?"

சொன்னேன். குளிசை, நேரம், பாமசிப் பிள்ளை சொன்னது. புதன்கிழமை இரண்டு மணிக் குளிசையையும் சொன்னேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருக்கலாம்.

கட்டிலில் இருந்து சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் அஞ்சு நாள் அவனோட இருந்தனான்."

"ஓம்."

"எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. எல்லாம் நீங்கள்தான் பாத்தனீங்கள்." கொலரைத் தடவியபடி, "சொல்லுங்கோ. என்னெல்லாம் கதைச்சனான்?"

கொப்பியை எடுத்தேன். தும்மல் ஒவ்வொன்றும் இருக்கிறது. அவள் அவனோடு கதைத்ததில் கால்வாசியும் இல்லை. இருந்ததை வாசித்தேன். சுடுதண்ணீர். விளைமீன். கொலர் ஊத்தை. படியில் தவறியதை அவனுக்குச் சொல்ல வேண்டாம் என்றது.

"வேறை?"

ஞாபகத்தில் இருந்த இரண்டு மூன்றைச் சொன்னேன். அவனுக்கு மூலை அறையில் விசிறி போட்டது. செருப்பை வாசலுக்கு நேரே திருப்பி வைத்தது.

"வேறை?"

கொப்பியை மூடினேன். புதன் பின்னேரம் அவன் வந்து, குளித்து, சாப்பிட்டு, சொதி நல்லாயிருக்கு அம்மா என்று சொன்னதாக நீர் சொன்னீர் என்றேன். அப்படி அவள் சொல்லவில்லை.

"எத்தினை தரம் போட்டுச் சாப்பிட்டவனாம்?"

"மூண்டு தரம்" என்றேன்.