வளையம் கேட்ட றோசலினுக்கு

என் பிரிய மச்சாள் றோசலின்,

முந்தாநாள், இறந்தோர் திருநாளன்று, சேமக்காலைக்கு வந்திருந்தேன். உம்முடைய கல்லறையைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிவிட்டு மெழுகுதிரி கொளுத்தினேன். காற்றுக்கு நாலு தரம் அணைந்தது. பக்கத்தில் ஆட்கள் நின்றதால் உம்மோடு கதைக்க முடியவில்லை. சொல்ல வேண்டியது ஆட்களுக்கு முன்னால் சொல்லக்கூடியதல்ல என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போது ஆட்களுக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அதனால் இதை எழுதிக் கோயில் மலருக்குக் கொடுக்கப் போகிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். சண்டை முடிந்துவிட்டது, மச்சாள். முடிந்த விதத்தைப் பற்றி இங்கே யாரும் உரத்துக் கதைப்பதில்லை. வன்னியில் இருந்த சொந்தக்காரரின் பெயர்களைப் பூசையில் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். கடல் கட்டுப்பாடுகளைக் குறைத்திருக்கிறார்கள். உம்முடைய மனுசன், என் அண்ணை, திரும்பவும் கடற்தொழிலுக்குப் போகிறார். உம்முடைய மகள் ஜெனிக்குப் பதின்மூன்று வயது. உம்மைப் போல நீளக் கை, அண்ணையைப் போலப் பிடிவாதம்.

நான் வேலை செய்கிற பிரதேச சபையிலும் ஒரு புதினம் இருக்கிறது. படை முகாமிலிருந்து கடிதம் வந்துவிட்டது. களஞ்சிய அறையைத் திறக்கலாம், மிதவைப் பொருட்களைப் பாவிக்கலாம் என்று மூன்று வரிகள். அந்த மூன்று வரிக்காக நீர் எத்தனை தரம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றிருப்பீர்?

உமக்குத் தெரிந்ததையே உமக்குச் சொல்கிறேன். வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியாதே. கடற்கோள் வந்தபோது எங்கள் தீவுக்குப் பெரிய சேதமில்லை. பயம் மட்டும் வந்தது. அடுத்த வருடம் எங்கள் பிரதேச சபை நீர்ப் பாதுகாப்பு வகுப்பு தொடங்கியது. ஒரு தொண்டு நிறுவனம் செம்மஞ்சள் நிறத்தில் ஆறு மிதவை வளையங்களும், கயிறுகளும், உயிர்காப்பு அங்கிகளும் கொடுத்தது. ஆண்களுக்குப் படிப்பிக்க ஆள் கிடைத்தது. பெண்களை யார் தண்ணீரில் இறக்குவது? சபையில் எழுதுவினைஞராக இருந்த நான் உம்முடைய பெயரைச் சொன்னேன். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பிறந்து, நெடுந்தீவில் தகப்பனோடு வள்ளத்தில் போய் வளர்ந்தவர் நீர்.

செயலாளர் உம்மைக் கூப்பிட்டு, "நீச்சல் எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"விழுந்து படிச்சனான் ஐயா. இவையள் விழாமல் படிக்கட்டும்" என்றீர்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் சுருவில் கரையில் வகுப்பு. கடற்தொழில் செய்கிற குடும்பத்துப் பெண்களுக்கே நீந்தத் தெரியாது என்றால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். நாங்கள் கரையில் நின்று மீன் பிரிப்போம், வலை பொத்துவோம். இறங்குவது எங்கள் வேலையல்ல. அந்தப் பெண்களை, சட்டையைக் காலுக்கு நடுவே முடிந்து கட்டச் சொல்லி, ஒவ்வொருவராக நீர் தண்ணீரில் படுக்க வைத்தீர். "மல்லாந்து படும். வானத்தைப் பாரும். கையைக் காலை அடியாதேயும்" என்று சொல்லிக்கொண்டே முதுகுக்குக் கீழே பிடித்திருந்த கையை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துவிடுவீர். மிதக்கிறோம் என்று விளங்கியவுடன் அவர்கள் முகத்தில் வருகிற அந்தத் திகைப்பை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன்.

நான் கடைசிவரை இறங்கவில்லை. வரவுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எழுதுறதுக்கு ஒராள் காய்ஞ்சு நிக்க வேணும்" என்றேன். "பயம் எண்டு சொல்லும், பிலோமினா" என்று சிரித்தீர்.

நீர் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று. தண்ணீரில் தாழுகிற ஆளிடம் வெறுங்கையோடு போகாதேங்கோ. முதலில் எதையாவது எறியுங்கோ. எறிய ஒன்றும் இல்லாவிட்டால்தான் இறங்க வேண்டும்.

அடுத்த ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கியது. பாதை பூட்டியாயிற்று, ஊரடங்கு, கடலுக்குப் போகப் பாஸ். கடலால் ஆட்கள் களவாகப் போய்வரக்கூடும், மிதக்கக்கூடிய பொருட்களைக் கணக்கெடுத்துப் பூட்டி வைக்கவேண்டும், முகாமின் கடிதமில்லாமல் வெளியே எடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஆறு வளையங்களையும் அங்கிகளையும் களஞ்சிய அறையில் அடுக்கினோம். அந்த அறைப் பூட்டின் திறப்பு என் மேசை லாச்சிக்குள் இருந்தது. வகுப்பு நின்றுபோனது.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருதரம் வந்து நிற்பீர்.

"கடிதம் வந்ததே, மச்சாள்?"

"இல்லை."

"வகுப்பு வேண்டாம். ஒரே ஒரு வளையத்தைக் கரையிலை, அந்தப் பூவரச மரத்திலை கொழுவி விடச் சொல்லிக் கேளும். அவ்வளவு காணும்."

நான் கடிதம் தட்டச்சுச் செய்தேன். செயலாளர் கையெழுத்திட்டார். பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தோடு செயலாளர் தானே போனார். திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "மிதவை கேக்கிற அந்த மனுசி ஆரெண்டு விசாரிக்கினம். உங்கடை மச்சாளெல்லே? இனி இதைப் பற்றி எழுத வேண்டாம் பிள்ளை."

விசாரிக்கப்பட்ட ஆட்கள் வீடு திரும்பாத அந்த நாட்களில் விசாரிக்கிறார்கள் என்றால் என்ன பொருள் என்று உமக்கும் தெரியும். அன்றிரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. அடுத்த கிழமை நீர் வந்து கேட்டீர். "மூண்டாவது கடிதமும் அனுப்பியாச்சு" என்றேன்.

அனுப்பவில்லை, மச்சாள். எழுதவே இல்லை. அதற்குப் பிறகு நீர் கேட்ட ஒவ்வொரு தரமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். உம்மைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீரே முகாமுக்கு நடந்து போயிருப்பீர். அதுதான் என் பயம். இல்லை, என் வேலைக்கும் பயந்தேனோ? என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன்.

நீர் போன அன்றைக்கு நடந்ததில் பாதியை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கிழமை ஆண்களுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. கறிக்கு ஒன்றுமில்லாமல் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவினார்கள். வள்ளம் போவதற்கு வெட்டிய ஆழமான வாய்க்காலுக்குள் இரண்டு பேர் காலிடறிப் போனார்கள். ஒருத்தி புளியங்கூடல் பரமேஸ்வரி. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த நீர் எழும்பி, அங்கே நின்ற மீன் வியாபாரியிடம், "சபைக்கு ஓடுங்கோ, பிலோமினாட்டை வளையம் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றீராம். சுற்றிப் பார்த்தீராம். எறிய ஒன்றும் இல்லை. பிறகு இறங்கினீர்.

அந்த மனிதர் சைக்கிளைப் போட்டுவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார். மூச்சு வாங்கியது. "றோசலின் வளையம் கேக்குது. கெதியாத் தாங்கோ, பொம்பிளையள் தாழுகினம்."

செயலாளர் யாழ்ப்பாணத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். லாச்சியைத் திறந்து திறப்பை எடுத்தேன். என் மேசைக்கும் களஞ்சிய அறைக்கும் இடையில் பத்து அடி. கடிதமில்லாமல் திறந்தால் என்ன நடக்கும், யாரைக் கூப்பிடுவார்கள், செயலாளர் என்ன சொல்வார் என்று நின்றேன். அந்தப் பத்து அடியை நடக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்ததென்று இன்றைக்கும் தெரியாது. அந்த மனிதர், "அக்கா" என்று இரண்டு தரம் கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது.

திறந்தேன். வளையத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். கரைக்குத் திரும்பும் சந்தியில் காவலரணில் மறித்தார்கள். சின்ன வயதுச் சிப்பாய். "இது கொண்டுபோக முடியாது. கடிதம் எங்கே?" என்றான். நான் கடலைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த இரண்டொரு சிங்களச் சொல்லும் அந்த நேரம் வரவில்லை. அவன் வோக்கிடோக்கியில் மேலிடத்தோடு பேசினான். பதிலுக்குக் காத்து நின்றான். நானும் நின்றேன். அந்த இடத்திலிருந்து கரை தெரியும், மச்சாள். ஆட்கள் கூடி நிற்பது தெரிந்தது. உம்மைத் தெரியவில்லை.

பதில் வரவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு வோக்கியை வைத்துவிட்டு வளையத்தை என் தோளிலிருந்து பறித்துக்கொண்டு கரையை நோக்கி ஓடினான். நான் பின்னால் ஓடினேன்.

முதல் பெண்ணைத் தலைமயிரில் பிடித்து இழுத்து விட்டுவிட்டு மற்றவளுக்காகத் திரும்பப் போனீராம். பரமேஸ்வரி பயத்தில் உம்முடைய தோளில் ஏறியிருக்கிறாள். நீர் கீழே போய் அவளை மேலே தள்ளினீராம். யாரோ சாரத்தை எறிந்து அவளை இழுத்தெடுத்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உம்மையும் மூழ்கித் தேடி எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். அந்தச் சிப்பாய்தான் முழங்காலில் இருந்து உம்முடைய நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தான். அண்ணை வந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தும்வரை விடவில்லை.

வளையம் நேரத்துக்கு வந்திருந்தால் நீர் இருந்திருப்பீரோ? டொக்டர், "அதை ஒருத்தரும் சொல்ல ஏலாது" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார் போல. அந்தப் பதில்தான் என்னை இருக்கவிடாமல் செய்கிறது.

உம்மை அடக்கம் செய்து மூன்றாம் நாள் அந்த வளையத்தைத் திரும்பக் களஞ்சிய அறையில் வைத்தார்கள். நான்தான் பூட்டினேன். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் எல்லோரும் விதி என்றார்கள். நானும் ஓம் என்றேன்.

இப்போது புதிய செயலாளர் வகுப்பைத் திரும்பத் தொடங்குகிறார். பெயர் கொடுக்க வந்தவர்களில் முதல் ஆள் ஜெனி. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றாரோ பாதுகாவலரோ கையெழுத்து வைக்கவேண்டும். அண்ணை படிவத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். "ஒராளைக் குடுத்தது காணும். நீயே யோசிச்சுச் செய்" என்று என்னிடம் விட்டார்.

போன கிழமை அவள் படிவத்தோடு என் குசினிக்கு வந்தாள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமி, அம்மா வளையம் கேட்டு ஆள் அனுப்பினவ எண்டு பரமேஸ் அன்ரி சொன்னா. அது ஏன் நேரத்துக்கு வரேல்லை?"

"தெரியாது பிள்ளை" என்றேன்.

அவள் படிவத்தைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். உமக்குச் சொன்ன பொய்யை உம்முடைய பிள்ளைக்கும் சொல்லிவிட்டேனே. உம்மைக் கொண்டுபோன அதே கடலில் அவளை இறக்க நான் யார்? இறக்காமல் தடுக்கத்தான் நான் யார்?

மச்சாள், உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த மலர் அச்சுக்குப் போக முன், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெனியை இருத்தி வைத்து எல்லாவற்றையும் சொல்வேன். எழுதாத கடிதத்தையும், அந்தப் பத்து அடியையும் சொல்வேன். அழாமல் சொல்ல ஏலுமோ தெரியாது. சொல்லாமல் விடமாட்டேன். கேட்டு முடித்த பிறகும் அவள் படிவத்தை என்னிடமே நீட்டினால் கையெழுத்து வைப்பேன். இனி என் கையெழுத்து வேண்டாமென்றால், அதையும் கேட்டுக்கொண்டு, அண்ணையின் காலைப் பிடித்தாவது அவரிடம் வாங்கிக் கொடுப்பேன்.

உம்மிடம் பொய் சொன்ன,
உம்முடைய மச்சாள்
பிலோமினா
நாரந்தனை