ஆவணி வரை அப்பா வெளியே வரமாட்டார்

தியாகராய நகர்,
2-8-1974

அன்பு மகள் மீனாட்சிக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம்தான், ஆனால் அவர் ஒரு சுவருக்குள் இருக்கிறார். பதறாதே, முழுக்கப் படி.

அடையாற்றில் மாதர் சங்கத்துக்குக் கட்டடம் எழும்புகிறது என்று எழுதியிருந்தேனே, அதற்குப் பிளான் வரைந்த நஸ்ருன்னிசா அம்மா, காலமெல்லாம் சாந்துச் சட்டி சுமந்த பெண்கள் கையிலேயே சாந்து பூசுகிற கரணையைக் கொடுத்து, நீங்களேதான் சுவரும் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேடிக்கை பார்க்கப் போன நானும் சேர்ந்துகொண்டேன். இந்தக் கட்டடம் தேறினால்தான் அடுத்த வேலை, இல்லாவிட்டால் அவர்களுக்கு மறுபடி சட்டி, எனக்கு மறுபடி அடுப்படி. ஜவுளிக்கடைக்காரர் பெண்டாட்டி செங்கல் அடுக்குவதா என்று அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடையைக் கணக்குப்பிள்ளை கனகராஜிடம் விட்டுவிட்டு, சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து கட்டடத்தின் நடுவில் போட்டு, நான் கரணையைக் கீழே வைக்கிற வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். பொம்பளை கட்டின சுவர், ஒரு தள்ளுத் தள்ளினால் விழுந்துவிடும் என்று வேறு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். என்னோடு வேலை செய்கிற திருவல்லிக்கேணி ஹாஜிரா பீ சும்மா இருப்பாளா, "இன்னா பெரியவரே, ஏந்துக்கிறியா, இல்ல உன்னியும் சேத்துப் பூசிடட்டா?" என்று கேட்டுவிட்டாள். அவர் அசையவில்லை, நாங்களும் வேலையை நிறுத்தவில்லை.

சுவர் அவரைச் சுற்றி வளர்ந்தது, அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. வாசக்கால் வைக்கப் போனால் அப்பாதான் உள்ளேயிருந்து சத்தம் போட்டார், ஆடியில் யாராவது வாசக்கால் வைப்பார்களா, கட்டடம் விளங்குமா என்று. சரி, வெறும் திறப்பாக விடுகிறோம் என்றால், வாசக்கால் இல்லாத வாசலில் மூதேவி நுழைவாள், அடையுங்கள் என்றார். அடைத்தோம். ஏணி போட்டுக் கொடுத்தால், திருடன் மாதிரி சுவரேறிக் குதிக்கவா என்று கோபித்துக்கொண்டார். இப்போது காற்றுக்கு விட்ட ஓட்டை வழியாக இட்லியும் காபியும் போகின்றன, கனகராஜும் அதன் வழியாகத்தான் துணியை நீட்டி விலை கேட்டுப் போகிறான். நல்ல வேளை, குளியலறை உள்பக்கம் அமைந்துவிட்டது, கூரை இன்னும் போடவில்லை, மழைக்குக் குடை இருக்கிறது.

முந்தாநாள் மழை கொட்டித் தீர்த்தது. ஈரத்தில் சுவர் இளகியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, நாங்கள் எல்லாரும் வெளியே நிற்கும்போதே தள்ள ஆரம்பித்துவிட்டார், தோளால் தள்ளினார், முதுகால் தள்ளினார், கடைசியில் நாற்காலியால் இடித்தார். அது நான் கட்டின பக்கம். நஸ்ருன்னிசா அம்மாவே கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கல் அசையவில்லையடி. அப்பாவுக்குத்தான் தோள் பிசகிவிட்டது. ஓட்டை வழியாகத் தைலம் கொடுத்தேன், வாங்கித் தேய்த்துக்கொண்டார். அப்புறம், "சுவரை நல்லாத்தான் கெட்டியிருக்க, புஷ்பம்" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு குழம்பைக்கூட நன்றாயிருக்கிறது என்று சொல்லாத மனுஷன். காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றேன், சொன்னார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன், அது அவருக்குத் தெரியாது, நீயும் எழுதிவிடாதே.

உடனே ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடித்து விடுகிறேன் என்றேன். கட்டின சுவரை ஆடியில் இடிக்கலாமா என்று கேட்கிறார்.

திருச்செந்தூர் முருகன் அருளால் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குளிர் காலத்துக்கு முன்னால் கம்பளியை வெயிலில் போட்டு எடு. அப்பாவுக்குத் தனியாகக் கடிதம் எழுது, வீட்டு விலாசம் வேண்டாம், கட்டடத்துக்கே அனுப்பு, தபால்காரருக்கு ஓட்டை பழகிவிட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா,
கொத்தனார் தங்கபுஷ்பம்