எட்டாம் நாள் எடுத்த படம்

பிப்ரவரி 3

செல்ல மகளுக்கு,

அம்மாதான். போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், சமாளித்துப் படி.

அப்பா போய் ஏழு மாதம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், லாண்டிரி வேலைக்குப் போகிறேன். இப்போது என்னை விரிப்பு மடிக்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். மெஷின் சத்தத்தில் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அதுவும் நல்லதுதான்.

பஸ் ஸ்டாப்பில் அந்தச் சர்க்கரை நோய்ப் பவுடர் விளம்பரம் இன்னும் இருக்கிறது. அப்பாவும் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். "எட்டே நாளில் என் கணவருக்குக் குணமானது" என்று நான் சொல்கிற மாதிரி. தினமும் அதன் கீழேதான் நின்று பஸ் ஏறுகிறேன்.

விளம்பரம் எப்படி ஏமாற்றுகிறது என்று நீ பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பதாக உன் சித்தி சொன்னாள். எனக்கும் சொல்லிக்கொடு. "நீதான் அப்பாவைக் கொன்னே" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனாய். அது சரியா என்று எனக்குத் தெரியவேண்டும். கோபத்தில் கேட்கவில்லை.

அம்மா

பிப்ரவரி 15

அம்மாவுக்கு,

நான் பாடத்துக்கு எடுப்பது சோப்பு, ஷாம்பு விளம்பரங்கள். நம் வீட்டு விஷயம் இல்லை.

கேட்டதால் சொல்கிறேன். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. புதுப் பேனா வாங்கினேன், பாஸானேன், அதனால் பேனாதான் பாஸாக்கியது என்பதைப் போல. அப்பா இன்சுலின் ஊசி போட ஆரம்பித்த அதே வாரம் பவுடரும் சாப்பிட்டார். சர்க்கரையை இறக்கியது ஊசி. பெயர் பவுடருக்குப் போனது.

ஊசியை விடச் சொல்லி நீ சொன்னதற்குப் பின்னால் அப்பா போனார் என்பதற்காக உன்மேல் பழி போடுவதும் அதே பிழைதான். அன்று பேசியதை விட்டுவிடு.

மகள்

பிப்ரவரி 24

கண்ணு,

புரிந்தது. பேனாக் கதையை லாண்டிரியில் சொன்னேன். "அப்போ எங்க மாமியார் வந்த அன்னைக்குக் குழாய் உடைஞ்சுதே?" என்றாள் ஒருத்தி. "அது மட்டும் மாமியார்தான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன்.

ஆனால் கடைசியில் நீ எழுதியது சரியில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதற்காகப் பாடத்தை வளைக்காதே. "குணமாயிடுச்சே, வயிறெல்லாம் புண்ணா இருக்கு, இனிமே எதுக்கு ஊசி, விட்டுடுங்க" என்றது நான். அவர் விட்டார். ஊசியை நிறுத்தியதால்தான் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது பெட்டியில் இருக்கிறது. அது பேனா இல்லை.

ஈரத்துணி வைத்து ஊறவிட்டு அந்த விளம்பரத்தைக் கிழியாமல் உரித்தேன். இதனுடன் அனுப்புகிறேன், வகுப்பில் காட்டு. அப்பா போட்டிருக்கிற சட்டை அவருடையது இல்லை. படம் எடுத்தவன் கொண்டுவந்து, முதுகில் ஊக்குக் குத்தி இறுக்கினான். மூலையில் வெள்ளைக் கோட்டில் நிற்கிற டாக்டர், அவர்கள் வந்த வண்டியின் டிரைவர். எங்களுக்கு இரண்டு டப்பா சும்மா கொடுத்தார்கள்.

அம்மா

மார்ச் 9

அம்மா,

காட்டினேன். "டாக்டர்னு சொல்றாங்க, பேரு எங்க டீச்சர்?" என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் சட்டையை யாரும் கவனிக்கவில்லை. நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன் பெஞ்சில் ஒரு பெண், "இந்தம்மா பொய் சொல்றாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். திரும்பிப் போர்டைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என்னம்மா சொல்லட்டும்?

மார்ச் 13

கண்ணு,

பொய் இல்லை என்று சொல்லு. எட்டு நாள் அவர் நன்றாகத்தான் இருந்தார். எட்டாம் நாள் படம் எடுத்தார்கள். அதற்கப்புறம் படம் எடுக்க யாரும் வரவில்லை. அவ்வளவுதான்.

அந்தம்மா யார் என்று கேட்டால், சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

பஸ் ஸ்டாப்பில் அந்த இடத்தில் இப்போது வெறும் தகரம். பஸ் வருகிறவரை எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பாடம் முடிந்ததும் அதைத் தபாலில் போடாதே. நீயே கொண்டுவா. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற படம் வேறு இல்லை.

அம்மா