பதினொன்றாம் வகுப்பில் உன் அம்மா

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவின் இருமல் எங்கள் இரண்டு பேரையும் விடச் சுகமாக இருக்கிறது, என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்களா, போன வாரம் பேசும்போது உன் தொண்டை கட்டியிருந்ததே, வெந்நீர் குடிக்கிறாயா அல்லது வழக்கம்போல என்னிடம் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரையே குடிக்கிறாயா. இதென்ன அம்மா திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று நீ பயப்பட வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் இதைச் சொல்ல மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் கடைசியில் உங்கள் ஊரில் குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இனியும் தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் உன் அத்தையின் கைக்கு ஒரு வீடியோ போயிருக்கிறது. அத்தை கைக்குப் போன எதுவும் அங்கேயே தங்கியதாகச் சரித்திரம் இல்லை. அவள் வாயிலிருந்து நீ கேட்பதற்கு முன் என் கையால் எழுதியதைப் படித்துவிடு.

விஷயம் இதுதான். ஏழு மாதமாகக் காலையில் நீ கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை, காய்கறி வாங்கப் போயிருந்தேன் என்று பிறகு சொல்வேன். ஏழு மாதம் ஒருத்தி காய்கறி வாங்குவாளா என்று உனக்குச் சந்தேகமே வரவில்லை, அந்த அளவுக்கு என்னை நம்பியிருக்கிறாய். நான் காய்கறி வாங்கப் போகவில்லை. பள்ளிக்கூடம் போகிறேன். நீ படித்தாயே, அதே அரசு மேல்நிலைப் பள்ளி, பதினொன்றாம் வகுப்பு. வேலைக்கு இல்லை, படிக்க.

எனக்குப் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது என்றுதான் உனக்குத் தெரியும். கணக்கில் எண்பதுக்குக் கீழே வாங்கியதே இல்லை என்று நான் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் வாங்கியது பத்தொன்பது. மறுபடி எழுதி இருபத்திரண்டு. முன்னேற்றம்தான், ஆனால் அந்த வேகத்தில் போனால் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் பாஸாவேன் என்று நினைத்து, பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கல்யாணத்துக்கு முன் ஒருமுறை சொன்ன பொய், பிறகு அதுவே எனக்குப் பழகி, நானே நம்பத் தொடங்கிவிட்டேன். போன வருடம் எங்கள் பல் மருத்துவமனையின் உரிமத்தைப் புதுப்பிக்க, வரவேற்பில் இருப்பவர்கள் உட்பட எல்லோருடைய பள்ளிச் சான்றிதழும் வேண்டும் என்று கேட்டார்கள். பத்தொன்பது வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்து யாருக்கு எந்தப் பல் என்று மனப்பாடமாகச் சொல்கிறவள் நான், சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று இரண்டு வாரம் ஓட்டினேன். மூன்றாவது வாரம் டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, "தொலைஞ்சுதா, இல்ல வாங்கவே இல்லையா" என்று கேட்டார். பல்லைப் பார்த்தே உள்ளே இருக்கும் சொத்தையைச் சொல்கிறவரிடம் நான் என்ன மறைப்பது. படித்துக்கொண்டிருக்கிறார் என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தால் முடிக்கும் வரை விடுவார்கள் என்று அவரே விசாரித்துச் சொன்னார். மதியம் மூன்று மணிக்கு வந்தால் போதும் என்றார். அப்பாவிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். அவர், "அப்ப இத்தனை வருஷமா என் கணக்குல தப்பு கண்டுபிடிச்சது யாரு" என்று கேட்டார். கோபம் அவ்வளவுதான்.

சேரும் நாளில் எந்தப் பிரிவு என்று கேட்டார்கள். அறிவியல் பிரிவில் ஆய்வகமும் கணினியும் எல்லாம் இப்போது நன்றாக இருக்கிறது, தொழிற்கல்வியில் எட்டு விதம் இருக்கிறது, தலைமையாசிரியர் ஒவ்வொன்றாக விளக்கினார். நான் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வணிகவியல் என்றேன். எதிர்கால நோக்கோடு முடிவெடுத்திருக்கிறேன் என்று அவர் பாராட்டினார். வணிகவியல் வகுப்பு தரைத்தளத்தில் இருக்கிறது, அதுதான் என் எதிர்கால நோக்கு. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நானும் பழக்கதோஷத்தில் உட்காருங்கள் என்றேன். பின்னாலேயே நிஜமான கணக்கு டீச்சர் வந்து நின்றார், உன் வயதுதான் இருக்கும், "நீங்களும் உட்காருங்க" என்றார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்த பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் பதினாறு வயது உடம்புக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். வாயில்காப்பாளர் ஒரு வாரம் வரைக்கும் பெற்றோர் எல்லாம் அலுவலகப் பக்கம் போகணும் என்று என்னைத் திருப்பி அனுப்பினார், கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினால் அட்டையில் என் படம் கண்ணை மூடியிருந்ததால் அதையும் நம்பவில்லை.

ஒருநாள் வணிகவியல் வகுப்பில் என் போன் அடித்துவிட்டது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், போனைத் தலைமையாசிரியர் அறையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குள் அப்பா எரிவாயு சிலிண்டர் வந்திருக்கிறது என்று சொல்ல ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறார். ஏழாவது தடவை தலைமையாசிரியரே எடுத்து, உங்கள் பெண் வகுப்பில் போன் வைத்திருந்தாள், நாளைக்கு வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பா மிகவும் பணிவாக, "பொண்ணு இல்லைங்க சார், மனைவி, ஆனா வந்து பார்க்கறேன்" என்றாராம். மறுநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, நான் தலைகுனிந்து நிற்க, இனிமேல் கவனமாக இருக்கச் சொல்கிறேன் என்று உறுதி கொடுத்துவிட்டுப் போனார். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. முதல் தேர்வில் கணக்கில் இருபத்தொன்பது வந்தது, அதில் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மதிப்பெண் அட்டையை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "மத்த பிள்ளைங்க எவ்வளவு" என்று கேட்டார். அது யாருடைய கேள்வி என்று உனக்குத் தெரியும். என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இப்போது அங்கே ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு மன்றத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். புதன்கிழமை மதியம் அதற்காகவே ஒதுக்கியிருக்கிறார்கள், டாக்டரம்மாவும் அன்றைக்கு மட்டும் தாமதமாக வர அனுமதித்தார். அறிவிப்புப் பலகையில் பட்டியல் போட்டிருந்தது. தோட்டக்குழு என்றால் உட்கார்ந்து செய்யலாம் என்று போனேன், அங்கே எல்லாம் மண்டியிட்டுத்தான் செய்கிறார்கள். சதுரங்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஐந்தே நிமிடத்தில் என்னை வழியனுப்பிவிட்டது. கடைசியாக விவாத மன்றத்தில் சேர்ந்தேன், பேச்சுத்தானே, நாம் பேசாத பேச்சா என்ற தைரியம்தான். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே அடுத்தவர் பேசும்போது வாயை மூடிக் கேட்க வேண்டும், நம் முறை வந்தால் நான்கு நிமிடத்தில் முடிக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் நான் தொண்டையைச் செருமியதோடு சரி. என் அணியில் எப்போதும் தொப்பி போட்டிருக்கும் ஒரு பெண், எல்லோரும் தொப்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள், மிகவும் கறாரானவள். கையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு என்னைப் பேசச் சொல்லி, "ஆன்ட்டி, ரெண்டு நிமிஷம் ஆச்சு, இன்னும் விஷயத்துக்கே வரல" என்பாள்.

மூன்று வாரத்துக்கு முன் வகுப்புகளுக்கு இடையே போட்டி வைத்தார்கள். அரங்கு நிறையப் பிள்ளைகள், முன்வரிசையில் பெற்றோர். தலைப்பைக் கேள். பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்த்து அவர்கள் எந்த மன்றத்தில் இருக்கலாம் என்று முடிவு செய்யப் பெற்றோருக்கு உரிமை உண்டு. சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு வந்தது எதிர்த்துப் பேசும் பக்கம். நான் பொறுப்பாசிரியரிடம் போய் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், எனக்கு மற்ற பக்கத்தில் நல்ல அனுபவம் இருக்கிறது என்றேன். நம்பாததைப் பேசிப் பழகுவதுதான் பயிற்சி என்று அனுப்பிவிட்டார். தொப்பி எழுதிக் கொடுத்ததை வரி வரியாக நெட்டுருப் போட்டேன், அப்பாவிடம் ஒப்பித்தேன், அவர் நடுவில் தூங்கிவிட்டார்.

அன்றைக்கு எதிரணியில் பேசிய பையன் கெட்டிக்காரன். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, "அந்த அணியில ஒரு அம்மாவே இருக்காங்க. அவங்க வீட்டுல என்ன செஞ்சாங்கன்னு அவங்களே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அரங்கம் சிரித்தது. அடுத்தது என் முறை. ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றேன், நெட்டுருப் போட்டதில் ஒரு வரியும் வரவில்லை. தலைக்குள் இருந்தது நீதான், பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கிவந்து சமையலறை வாசலில் நின்றாயே, அந்த நிற்பு.

அதைத்தான் பேசினேன். என் மகள் இந்தப் பள்ளியில் வாலிபால் அணியில் இருந்தாள், முப்பத்தெட்டு வாங்கினாள் என்பதற்காக நான் இங்கே வந்து, மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால், அவள் பெயரை அடிக்கச் சொன்னேன், நானெல்லாம் எண்பதுக்குக் கீழே வாங்கியதே இல்லை என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னேன் என்றேன். நான் வாங்கியது பத்தொன்பது என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என்னால் முடியாததை அவள் செய்தாக வேண்டும் என்று அவளுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன், அதனால் அவள் கணக்கு ஏறவும் இல்லை, என் பத்தொன்பது மாறவும் இல்லை என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. முதல் மணி அடித்தது, இரண்டாவது மணி அடித்தது, எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நேரம் மீறியதற்கு ஐந்து மதிப்பெண் கழித்தார்கள். மூன்று மதிப்பெண்ணில் தோற்றோம். கீழே இறங்கி வந்தால் தொப்பி ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். "ஆன்ட்டி, பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு, மணியை மட்டும் கேட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றாள். சரியான பிள்ளை. முன்வரிசையில் யாரோ எடுத்த வீடியோதான் இப்போது அத்தையிடம் இருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. உங்கள் விளையாட்டு ஆசிரியர், நீங்கள் விசில் சார் என்பீர்களே, இன்னும் அங்கேதான் இருக்கிறார், அடுத்த வருடம் ஓய்வு. இத்தனை மாதமாக அவர் கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னால் எல்லாம் ஒளிந்து நடந்திருக்கிறேன். அன்றைக்கு அவரே வந்து, வாங்கம்மா என்று தன் அறைக்குக் கூட்டிப் போனார். "நீங்க பேரை அடிக்கச் சொன்ன மறுநாள் காலைல வந்தா. டீம் சட்டையைத் துவைச்சு மடிச்சுக் கொடுத்தா. அப்புறம், சார், விளையாடத்தானே கூடாது, ஸ்கோர் எழுதலாமான்னு கேட்டா" என்றார். "வருஷம் முழுக்க எழுதினாம்மா. ஒரு வெள்ளிக்கிழமை தவறல" என்று சொல்லி அலமாரியிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை உனக்குச் சிறப்பு வகுப்பு. அப்படித்தான் நீ சொன்னாய். நானும் படிக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தேன். நான் உன்னிடம் சொன்ன பொய்க்கு எண்பது மதிப்பெண், நீ என்னிடம் சொன்ன பொய்க்கு ஒரு பென்சில் மட்டும்தான். அந்த நோட்டை அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். உன் கையெழுத்து, கோடு போட்டது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடியில் கூட்டல். முப்பத்தெட்டு வாங்கிய பிள்ளை எங்கே தப்பு செய்திருப்பாள் என்று, என் புத்தியைப் பார், ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் தப்பு வந்தது. திரும்பக் கூட்டினேன். இரண்டும் என் தப்பு.

அன்று மருத்துவமனைக்குப் போய் ஒருவருக்கு மேல் பல்லுக்குப் பதில் கீழ் பல் என்று எழுதி உள்ளே அனுப்பினேன், டாக்டரம்மா கண்டுபிடித்துவிட்டதால் பல் பிழைத்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் இந்தத் தடவை வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை, எழுது என்று மட்டும் சொன்னார். எழுதுவதற்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடு என்று ஒரு வரியில் எழுதினால் அது தேர்வுத்தாளில் விடை தெரியாமல் நன்றி எழுதுவது மாதிரி இருக்கிறது, அதனால் நடந்ததை எல்லாம் எழுதியிருக்கிறேன். தப்பு செய்தேன் மகளே. தெரிந்தே செய்தேன்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நாற்பத்து நான்கு வாங்கியிருக்கிறேன். வகுப்பில் கீழிருந்து ஆறாவது. இதை உன்னிடம் சொல்ல முடியாமல் இரண்டு வாரமாக எவ்வளவு தவித்தேன் தெரியுமா, பல் பிடுங்க வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அவர்களால் பதில் பேச முடியாது. அடுத்த வருடமும் இதே போல நாற்பதுகளில் தள்ளினால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். அதுவரை மேசை எனக்குத்தான். உன் படிவங்களில் எங்கேயாவது தாயின் கல்வி என்ற இடத்தில் பள்ளிப் படிப்பு முடித்தவர் என்று நீ எழுதியிருந்தால், மாப்பிள்ளையிடம் சொல்லி, இப்போதைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று மாற்றச் சொல். மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும்.

நீயும் அவரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வெந்நீர் குடி. இரவில் ஈரத்தலையோடு படுக்காதே. அத்தை வீடியோ அனுப்பினால் முழுதும் பார், கடைசியில் மணி அடிப்பது நன்றாகக் கேட்கிறது. நேரம் கிடைக்கும்போது எனக்கு ஒன்று மட்டும் எழுது. எந்த வெள்ளிக்கிழமை யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. நீ எந்தப் பக்கம் நின்று பார்த்தாய் என்பது அதில் இல்லை.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு மாணவியாகிய
உன் அம்மா