உங்கள் சம்மதக் கடிதம் என் மகளைத் தேடி வந்திருக்கிறது

என் அன்பின் வாப்பா,

இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் ஹனா தூங்கிய பிறகுதான் கை ஓய்ந்தது. அவள் விழித்திருக்கும்போது உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு நீங்கள் இன்னும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்த மூத்தவாப்பாதான்.

நீங்கள் அதிபராக இருந்த பாடசாலை உங்களுக்கு நினைவுமலர் போடுகிறது. நீங்கள் மவுத்தாகிக் கண்மூடி இரண்டு வருடமாகிறதே, மகளின் கடிதம் முன்பக்கத்தில் வரவேண்டுமாம். இப்போதைய அதிபர் போன கிழமை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளையும் நீட்டினார்.

"இதுல சைன் ஒண்டு போட்டுத் தாங்க தங்கச்சி."

"எனது பிள்ளையின் உடல்நிலை காரணமாக, எனது சுயவிருப்பின் பேரில், அவரைப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றச் செய்யவில்லை." முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. உங்கள் கடிதம், வாப்பா. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

ஹனாவின் வலது கை பிறவியிலேயே விறைத்தது என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது ஐந்தாம் வகுப்பு. டீச்சர் கேள்வி கேட்டால் வாயால் முதலில் பதில் சொல்வது அவள்தான். எழுதச் சொன்னால், மற்றப் பிள்ளைகள் பக்கம் புரட்டும்போது அவள் மூன்றாவது வரியில் நிற்பாள். அதற்குள் கரும்பலகையை அழித்துவிடுவார்கள். வகுப்பு டீச்சர் நல்லவ. தன் குறிப்புகளைப் பொட்டோக்கொப்பி எடுத்துக் கொஞ்ச நாள் கொடுத்தா. "ஒரு புள்ளைக்காக இவ்வளவு மினக்கெடாதீங்க" என்று அதிபர் சொன்ன பிறகு அதுவும் நின்றுபோனது. அவருடைய அறைச் சுவரில் மட்டும் 'எவரையும் விட்டுவிடாத கல்வி' என்று வண்ணத்தில் ஒட்டியிருக்கிறது.

நான் கேட்டது பரீட்சையில் மேலதிக நேரம், அவ்வளவுதான். டொக்டரின் அறிக்கை கையில் இருக்கிறது. விண்ணப்பத்தில் அதிபர் கையொப்பமிட்டு வருகிற வியாழக்கிழமைக்குள் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும்.

"எழுபது புள்ளிக்குக் கீழ ஒரு புள்ள போனாலும் நம்மட ரிசல்ட் விழுந்திரும். வெளங்குதா?"

"அவ எடுப்பா சேர். நேரம் மட்டும் தாங்க."

"எல்லா உம்மாமாரும் இதத்தான் சொல்ற. ஒங்கட வாப்பா இந்தக் கதிரையில இருந்திருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பார்."

அவர் சொன்னது பொய்யில்லை. நீங்கள் செய்தீர்கள்தானே? ஒவ்வொரு வருடமும், பரீட்சைக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே, 'தேறாத' பிள்ளைகளின் உம்மாமாரைக் கூப்பிட்டுக் கையொப்பம் வாங்கினீர்கள். பிறகு சந்தியில் பதாகை தொங்கும், எழுபதுக்குக் கீழே ஒருவருமில்லை என்று. ஊர் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரின் பெயராவது உங்களுக்கு நினைவிருந்ததா?

எனக்கு ஒரு பெயர் நினைவிருக்கிறது. ஏனென்றால் அந்தக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்தவள் நான். கம்பஸ் லீவில் வந்திருந்தேன். நீங்கள் 'பாடசாலையின் ஆலோசனைப்படி' என்றுதான் எழுதியிருந்தீர்கள். அதை அழித்து 'எனது சுயவிருப்பின் பேரில்' என்று போட்டது நான். "இப்பிடிப் போட்டா மறுகா ஒருத்தரும் ஸ்கூலக் கேக்கேலா வாப்பா" என்றேன். கெட்டிக்காரி என்று தலையைத் தடவினீர்கள். படிப்பித்த படிப்பு அதற்குத்தான் உதவியது.

இடியப்பம் விற்கும் ஹபீபா ராத்தா அந்தத் தாளோடு நம் வீட்டுக் கேற்றுக்கு வந்தா. அவவின் மகள் ஜெஸீமாவுக்குக் காது மந்தம். ராத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. "இதுல என்ன புள்ள எழுதிருக்கு?" என்று என்னிடம் கேட்டா. "ஒண்டுமில்ல ராத்தா, சும்மா ஒரு சைன்" என்று பேனையைக் கொடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் பரீட்சை எழுதிய அன்று ஜெஸீமா வீட்டில் இருந்தாள். அதன் பிறகு அவள் பாடசாலைப் பக்கமே வரவில்லை.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதிபர் எனக்கு நீட்டிய தாளைப் பற்றியும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஹபீபா ராத்தா மாப் பிசைவதை நிறுத்தவில்லை.

"ஏன்கா அழுற? சும்மா ஒரு சைன்தானே. போட்டுட்டுப் போ."

என்னை மன்னிக்க வேண்டிய கடமை அவவுக்கில்லை.

மவுத்தானவர்களைக் குறை சொல்லக்கூடாது, மலரில் நாலு நல்ல வார்த்தை எழுது என்று உம்மா சொல்கிறா. நல்ல வார்த்தைகளை ஏற்கெனவே எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் கண்டிப்பை, நேரம் தவறாமையை, அந்தப் பதாகைகளை. கையொப்பம் வைத்த உம்மாமாரிடம் யாராவது எழுத்துக் கேட்டார்களா?

எனக்குப் பயமில்லாமல் இல்லை. இந்தக் கோபத்தை அவர்கள் ஹனாமேல் காட்டினால்? நேரம் கிடைத்தும் அவள் எடுக்காவிட்டால்? அவளிடமே கேட்டேன். "உம்மா, நான் யோசிச்சு முடிச்சிர்ரன், கைதான் பிந்தி வருது. பெயிலாக்கிறண்டா கையப் பெயிலாக்கச் சொல்லுங்க" என்றாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் நின்றேன்.

வாப்பா, தொழுகையில் உங்களுக்குத் துஆச் செய்வதை நிறுத்தமாட்டேன். உங்களை நல்லவராக்கி எழுதவும்மாட்டேன். அந்தத் தாளில் நான் கையொப்பம் வைக்கமாட்டேன். ஹனாவைப் பரீட்சை மண்டபத்துக்கு நானே கூட்டிப் போவேன், எழுபது எடுத்தாலும் ஏழு எடுத்தாலும். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

அதிபர் சேர், மலருக்காக இதை முதலில் வாசிக்கப்போகிறவர் நீங்கள். கேட்ட கடிதம் இதுதான்; ஒரு வரியையும் வெட்டவேண்டாம். ஹனாவின் விண்ணப்பம் உங்கள் மேசையில் இருக்கிறது. கையொப்பம் வைப்பீர்களா மாட்டீர்களா என்று வியாழனுக்கு முன் எனக்குப் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள், ஹனாவின் உம்மா