கேட்காமல் போட்ட வரி

செவ்வாய், இரவு.

வெள்ளைக்காரனின் வரியை எதிர்த்த தகராறு ஏன் விடுதலைப் போராட்டமாக வளர்ந்தது என்று பரீட்சையில் கேட்டிருந்தேன். மலைமேல் திண்ணனூர் நாட்டுக் கிராமத்திலிருந்து நடந்து வரும் பொன்னி, "எங்களைக் கேட்காமல் போட்டதால்" என்று மட்டும் எழுதியிருந்தாள். புத்தகத்தில் இல்லாத பதில். பூஜ்யம் போட்டேன்.

இன்று வகுப்பில் விடைத்தாளோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"டீச்சர், எங்கூர் கோயில் நோம்பிக்கு ஊட்டுக்கு ஊடு வரி போடுவாங்க. ஊரே உக்காந்து பேசித்தானுங்க முடிவு பண்ணுவாங்க. மழையில்லாத வருசங்கூட யாரும் மறுத்ததில்லீங்க. வெள்ளைக்காரன் எங்களை உக்கார வெச்சுப் பேசினானுங்களா?"

இத்தனை வருடமும் வரியின் பாரத்தை மட்டுமே காரணமாகச் சொல்லி நடத்தியிருக்கிறேன். அங்கேயே முழு மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு, "முட்டை போடறதுக்கு முன்னால என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றாள்.

வாய்க்கொழுப்புதான். ஆனால் என் வகுப்புப் பெண்ணாக்கும்.