டிரம் ஓடினால் ஏறும் எண்

செவ்வாய்க்கிழமை, ஆம்பூர்

தோல் பதனிடுற இடத்துல ஆசிட் அளக்க நான் செஞ்ச பிஎச் மீட்டர்ல, தோல் ஊறுற டிரம் ஓட ஆரம்பிச்சதும் எண் ஏறிச்சு. "எண் ஏறினா ஆசிட் கம்மி"ன்னு டிரம்மைப் பாத்துக்குற நாசிர் பாய் ஆசிட் குடத்தைத் தூக்கிட்டார். டிரம் ஓடினதும் ஏறினதுல எனக்குச் சந்தேகம். "தோலை நறுக்கிப் பாருங்க பாய்"னேன். மீட்டர் வந்ததுலேர்ந்து அவர் அதை விட்டுட்டார். நறுக்கின இடத்துல ஆசிட் பட்டா நிறம் மாறுற சொட்டு மருந்து விட்டா, உள்வரைக்கும் மஞ்சள். ஆசிட் ஏற்கெனவே போதும். ஊத்தியிருந்தா அத்தனை தோலும் வீண்.

டிரம் மோட்டார் கரண்ட் இழுக்குறப்ப சப்ளை வோல்டேஜ் இறங்குது. மீட்டருக்கு அதையே அளவுகோலா வெச்சிருந்தேன். கோல் சுருங்கினா எல்லாம் பெரிசாத்தானே தெரியும்? சாயங்காலம் வோல்டேஜை மாறாம வெச்சிருக்குற ரெஃபரன்ஸ் சிப் ஒண்ணைத் தனியா மாட்டினேன். டிரம் ஓடியும் எண் நகரல.

"ஆனாலும் நறுக்கிப் பாருங்க பாய்."

"அப்ப மீட்டர் இன்னாத்துக்கும்மா?"

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். கத்தியைத் தேடி எடுத்து மீட்டர் பக்கத்துலயே வெச்சுட்டு வந்தேன்.